மூன்று டெரா டிஸ்க்கில் 746 ஜிபி

திரையில் 746 ஜிபி என்று வந்தபோது கடைக்குள் ஐந்து பேர் இருந்தோம். வெளியே பஸ் நிலையத்தில் வவுனியா பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மேசையில் கிடந்த ஹார்ட் டிஸ்க்கின் முதுகில் மூன்று டெரா என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மூன்று டெரா என்றால் கிட்டத்தட்ட மூவாயிரம் ஜிபி. மிச்சம் எங்கே போனது?

நான் மன்னார் நகரில் ஒரு கணினி திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். பெயர் ஜெசிந்தா. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். ஈயம் உருக்கிச் சோல்டர் பிடிப்பது, பழுது பார்ப்பது எல்லாம் என் பக்கம். வாடிக்கையாளரோடு கதைப்பது முதலாளி றெஜி அண்ணனின் பக்கம். எனக்குப் புது ஆட்களோடு கதைக்க வராது. தொலைபேசி அடித்தால்கூட அவரைத்தான் பார்ப்பேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று இதை எழுதச் சொன்னவரும் அவர்தான். "நீ வாய் திறக்கமாட்டாய், எழுதியாவது வை" என்றார்.

எங்கள் கடை வழக்கம்

வெளியே வைத்துப் பாவிக்கிற ஹார்ட் டிஸ்க் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வரும். அந்தப் பெட்டிக்குள் விரல் அளவில் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை இருக்கும், போர்ட் என்போம். டிஸ்க்கை ஒரு பக்கமும் யூஎஸ்பி வயரை மறுபக்கமும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பது அதுதான். மன்னாரில் முதலில் சாவது அந்த போர்ட்டில் வயர் செருகுகிற வாய். கடற்காற்று அதன் பின்களைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். தாழ்வுபாட்டு மீனவக் கிராமத்தில் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவுவார்கள். எண்ணெயில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும்.

அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வாய் போய்விட்டதென்று யாராவது டிஸ்க் கொண்டுவந்தால், பெட்டியை உடைத்து டிஸ்க்கை வெளியே எடுத்து நேரே சிபியூவுக்குள் பூட்டிவிடுவோம். உள்ளே காற்று குறைவு, வயர் ஆடாது. ஐந்நூறு ஜிபி, ஒரு டெரா என்று எத்தனையோ டிஸ்க்குகளை அப்படிப் பூட்டியிருக்கிறோம். ஒன்றிலும் பிழை வந்ததில்லை. மிச்சமாகிற போர்ட்டுகளைப் பழைய பெயின்ட் வாளி ஒன்றில் போடுவோம்.

அன்று டிஸ்க் கொண்டுவந்தவன் டொமினிக். தாழ்வுபாட்டுக்காரன், வீடியோக்காரன். அவனுடைய வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் குமட்டிச் சத்தி வரும். "கடல் வேண்டாமெண்டு சொல்லேல்லை அக்கா, கடல்தான் என்னை வேண்டாமெண்டிட்டுது" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கணினி ஒன்றில்தான் இன்றைக்கும் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறான். தாமரை விரிய அதற்குள்ளிருந்து மாப்பிள்ளையும் பொம்பிளையும் வருகிற காட்சி அந்தக் கணினியில் இருக்கிற மென்பொருளில்தான் வருமாம். வேறு எதிலும் அது ஓடாது.

அவனோடு நானாட்டானிலிருந்து வேலுப்பிள்ளை ஐயாவும் மகள் தர்சினியும் வந்திருந்தார்கள். வயல் செய்கிற குடும்பம். தர்சினியை வெளிநாட்டிலிருந்து வந்த பிரதீபனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிரதீபன் திரும்பிப் போய், மனைவியைக் கூப்பிட விசாவுக்கு எழுதினார். அந்த நாட்டு விசா அலுவலகம், நாங்கள் சொல்கிற விசாக் கந்தோர், மறுத்துவிட்டது. இது உண்மையான கலியாணம் என்று நம்ப முடியவில்லை என்று காரணம் சொன்னார்களாம். மேன்முறையீடு செய்கிற வழக்கறிஞர், வெட்டாத ஒட்டாத அசல் வீடியோவை அந்தக் கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். தாமரையோடு டொமினிக் செய்து கொடுத்த சீடி உதவாதாம்.

அசல் வீடியோ ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. கமராவின் கார்ட்டை டொமினிக் அடுத்த கலியாணத்துக்காக எப்போதோ அழித்துவிட்டான். இருந்தது அந்த மூன்று டெரா டிஸ்க்கில். அந்த டிஸ்க்கும் கலியாணத்தன்று பிரதீபனே கொண்டுவந்து கொடுத்தது. "என்ர கலியாணத்தை இதில பத்திரமா வைச்சிருங்கோ, மிச்ச இடத்தை நீங்கள் பாவியுங்கோ" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அமத்தாதேங்கோ

"ஜெசியக்கா, வாய் போட்டுது. வழமைபோல கழட்டி உள்ளுக்குப் பூட்டித் தாங்கோ" என்று டொமினிக் தன் சிபியூவையும் டிஸ்க்கையும் மேசையில் வைத்தான்.

றெஜி அண்ணன் பெட்டியின் இடுக்கில் ஸ்குறூ டிரைவரைக் கொடுத்து நெம்பினார். பெட்டி வெடித்துத் திறந்தது. போர்ட்டைக் கழற்றி வாளிக்குள் எறிந்தார். நான் டிஸ்க்கை டொமினிக்கின் கணினியில் பூட்டி, கணினியைப் போட்டேன்.

746 ஜிபி. அதற்குக் கீழே இன்னொரு செய்தி. இந்த டிஸ்க் ஃபோமட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று கேட்டது.

ஃபோமட் என்றால் துடைத்துவிட்டுப் புதிதாகக் கோடு போடுவது. டொமினிக்குக்கு அது தெரியும். ஆனாலும் அதிர்ச்சியில் அவனுக்கு மூளை வேலை செய்யவில்லை.

"அண்ணே, ஓமெண்டு குடுங்கோ அண்ணே, மவுஸை அமத்துங்கோ. மிச்சமும் வந்திடும்."

றெஜி அண்ணனின் விரல் மவுஸில் இருந்தது. அதுவரை ஒரு சொல்லும் பேசாமல் கதிரையில் இருந்த தர்சினி பாய்ந்து எழும்பினாள்.

"ஐயோ அமத்தாதேங்கோ! எனக்கு விளங்காது, ஆனா அமத்தாதேங்கோ!"

றெஜி அண்ணன் கையை எடுத்துவிட்டார்.

வேலுப்பிள்ளை ஐயா மெதுவாகக் கேட்டார். "தம்பி, மருமகன் மூண்டெண்டு சொல்லித்தானே தந்தவர்? இப்ப முக்கால் கூட இல்லையெண்டால் என்ன கருத்து?"

"ஐயா, இப்ப பொய் டிஸ்க்கும் வருகுது" என்றார் றெஜி அண்ணன். "மேல மூண்டெண்டு ஒட்டியிருக்கும், உள்ளுக்கு ஒண்டும் இராது."

அவர் பொதுவாகத்தான் சொன்னார். ஐயா அதைப் பொதுவாக எடுக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மருமகனை அழைத்தார். அங்கே விடிகிற நேரமாக இருக்க வேண்டும். நித்திரைக் குரலில் "ஹலோ மாமா" என்றது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நீர் தந்த சாமான் பொய்யெண்டு இஞ்ச கடையில சொல்லினம். மூண்டெண்டு சொல்லிப்போட்டு முக்காலும் இல்லாததைத் தந்திருக்கிறீர். விசாக் கந்தோர் சொன்னது சரியோ எண்டு இப்ப எனக்கே ஐமிச்சமாக் கிடக்கு. உம்மட வேலை, உம்மட வீடு, அதுகளும் இப்பிடித்தானோ?"

அந்தப் பக்கத்தில் லைன் அறுந்தது.

"அப்பா" என்றாள் தர்சினி. "என்னப்பா செய்தனீங்கள்?"

அவள் அழுதுகொண்டு வெளியே போய்விட்டாள். ஐயா பின்னால் போனார். றெஜி அண்ணன் திரையையே பார்த்தபடி நின்றார். ஒரு ஹார்ட் டிஸ்க் ஒரு குடும்பத்தை இவ்வளவு விரைவாக உடைக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

மூன்றும் உண்டு, உள்ளே ஒன்றுமில்லை

மறுநாள் றெஜி அண்ணன் அந்த டிஸ்க்கைத் தன் மச்சான் ஒருவரின் புதிய கணினியில் போட்டுப் பார்க்க எடுத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கடைக்குப் போன் எடுத்தார்.

"ஜெசி, இஞ்ச முழுசாக் காட்டுது. 2794."

கணினியின் கணக்கில் மூன்று டெரா என்பது அவ்வளவுதான். ஆகவே டிஸ்க் பொய்யில்லை. நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா இதிலயும் ஃபோமட் செய்யவோ எண்டுதான் கேக்குது. உள்ளுக்கு ஒண்டும் இல்லை."

கடையில் அப்போது நானும் டொமினிக்கும்தான். கேட்டவுடன் அவன் நிலத்தில் குந்திவிட்டான். டிஸ்க் நல்லது, வீடியோ இல்லை என்றால் பழி யார் தலையில் விழும் என்று அவனுக்குத் தெரியும்.

"மடு மாதாவாணை அக்கா, நான் ஒண்டையும் அழிக்கேல்லை. முந்தநாள் காலமையும் பாத்தனான். வயரை வளைச்சுப் பிடிச்சா வந்துகொண்டிருந்தது. இனி நான் நானாட்டான் பக்கம் கமரா தூக்கேலாது."

கொழும்பிலிருந்து எங்களுக்குச் சாமான் அனுப்புகிறவர் ஒரு வயதான முஸ்லிம் வியாபாரி. நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். சிக்கல் வந்தால் றெஜி அண்ணன் அவரைத்தான் கேட்பார். அண்ணன் வந்து கதைக்கட்டும் என்று நான் இருந்தேன். டொமினிக் போனை எடுத்து என் கையில் திணித்தான்.

"அக்கா, நீங்கள்தானே கைபோட்டுப் பூட்டினது. நீங்களே கேளுங்கோ. அவர் உங்களைக் கடிக்கமாட்டார்."

எடுத்தேன். வார்த்தை தடுமாறியது. நானா பொறுமையாகக் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒண்ணும் அமுக்கலையே?" என்பது. இல்லை என்றேன். பெரிதாக மூச்சு விட்டார்.

"அப்ப பயப்படாதீங்க தங்கச்சி. வந்த பெட்டியிலயே திருப்பிப் போடுங்க. அந்தப் பெட்டியில உள்ள போர்ட் வேற கணக்குல எண்ணும். அதுதான்."

எனக்கு விளங்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன்.

ஹார்ட் டிஸ்க் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். செக்டர் என்று சொல்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். பழைய கணினிக்கு அந்த இலக்கத்தை எழுத இடம் குறைவு. மோட்டார்சைக்கிள் மீட்டரைப் பாருங்கள். ஐந்து எண்ணுக்குத்தான் இடம் இருந்தால், 99999 தாண்டியதும் மறுபடி பூச்சியத்தில் தொடங்கும். நூறாயிரம் கிலோமீட்டர் ஓடிய சைக்கிள் புதுச் சைக்கிள்போலக் காட்டும். பழைய கணினியின் மீட்டர் 2048 ஜிபியில் சுற்றி முடிந்துவிடும். 2794 ஜிபி டிஸ்க்கை அது ஒரு முழுச் சுற்று எண்ணி முடித்து, அடுத்த சுற்றில் மிஞ்சியதைக் காட்டியது. கழித்துப் பாருங்கள். 746 வரும். ஒரு டெரா டிஸ்க்குகள் அந்தச் சுற்றுக்குள் அடங்கியதால் எங்களுக்கு இது அதுவரை அகப்படவில்லை.

"அப்ப பெட்டியோட பூட்டினா என்ர பழசு எப்பிடி முழுசாக் காட்டினது?" என்று டொமினிக் பக்கத்திலிருந்து கத்தினான். நானாவுக்குக் கேட்டுவிட்டது.

பெட்டிக்குள் இருக்கும் போர்ட் செய்கிற தந்திரம் அது. எட்டுச் சின்னக் கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு பெரிய கட்டமாக எண்ணும். இலக்கம் எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடுவதால் பழைய கணினியின் மீட்டருக்குள் அடங்கிவிடும்.

டொமினிக் நெற்றியில் அடித்துக்கொண்டான். "கடற்கரை வாடியில மீனை ஒண்டொண்டா எண்ணாம பெட்டிக் கணக்கில எழுதுறமாதிரி!"

அதேதான். ஆறாம் பெட்டி என்று எழுதி வைத்திருந்ததை, போர்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆறாம் மீனில் போய்த் தேடியிருக்கிறோம். புதிய கணினியும் அப்படித்தான் தேடியது. கிடைக்காதபடியால் ஒன்றும் இல்லை என்றது. ஃபோமட் என்று அமத்தியிருந்தால் அந்த எழுத்தின் மேலேயே புது எழுத்து விழுந்திருக்கும்.

பெயின்ட் வாளி

வாளியைப் பழைய பத்திரிகை மேல் கவிழ்த்தோம். ஒரே மாதிரி போர்ட்டுகள் ஒரு குவியல். எல்லாவற்றிலும் துரு, எல்லாவற்றிலும் உடைந்த வாய். அண்ணன் எறிந்தது மேலே கிடக்கும் என்று நினைத்தால், முந்தின நாளே யாரோ வாளியைக் கிளறியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். வேறொரு வேலைக்கு ஒரு வாய் கழற்ற.

றெஜி அண்ணன் டிஸ்க்கோடு திரும்பி வந்தார். விஷயத்தைச் சொன்னோம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் குந்தினார்.

கொஞ்சம் உயிர் இருக்கிற வாய் உள்ளவற்றை ஒவ்வொன்றாக டிஸ்க்கில் பூட்டி டொமினிக்கின் கணினியில் பார்த்தோம். சிலது லைட்டே எரியவில்லை. ஒன்று எரிந்தது. மூவரும் குனிந்தோம். 746. டொமினிக் சிலுவை போட்டான். அது பழைய காலத்துப் போர்ட், அதற்கும் ஒன்றொன்றாக எண்ணத்தான் தெரியும்.

"நல்லவேளை அண்ணே, நீங்கள் வைத்தியராப் போகேல்லை" என்றான் டொமினிக். "ஈரலைக் கழட்டி வாளியில எறிஞ்சுபோட்டு ஆளை எழும்பச் சொல்லியிருப்பியள்."

"வாயைப் பொத்தடா. தேடு."

கடைசியில் அவனே கண்டுபிடித்தான். ஒரு போர்ட்டின் ஓரம் பிசுபிசுவென்று இருந்தது. மணந்து பார்த்தான். "தேங்காயெண்ணெய். என்ர மனிசி தடவினது. இதுதான்!"

வாய் நெம்பியதில் பாதி பிய்ந்து தொங்கியது. வேறொன்றிலிருந்து வாயைக் கழற்றி இதில் சோல்டர் பிடித்தேன். அதற்குள் வேலுப்பிள்ளை ஐயாவும் தர்சினியும் வந்துவிட்டார்கள். றெஜி அண்ணன்தான் போன் எடுத்துச் சொல்லியிருந்தார். வந்தவர்கள் என் மேசையருகில் நின்றார்கள்.

வயரைக் கொடுத்தேன். லைட் எரிந்தது. டொமினிக்கின் பழைய எக்ஸ்பியில், முந்தின நாள் 746 காட்டிய அதே கணினியில், 2794 என்று வந்தது. பெட்டி பெட்டியாகப் பெயர்கள் திறந்தன. அதில் நானாட்டான் கலியாணம்.

றெஜி அண்ணன் முதலில் அதை இன்னொரு டிஸ்க்கில் கொப்பி எடுத்தார். பிறகுதான் ஓடவிட்டார். தாமரை இல்லை, பாட்டு இல்லை. முதல் காட்சியில் வேலுப்பிள்ளை ஐயா பட்டு வேட்டியோடு நின்று ஜெனரேட்டர்காரனைத் தூஷணத்தில் ஏசிக்கொண்டிருந்தார்.

"உது விசாக் கந்தோருக்குப் போகுமோ?" என்று அவர் பதறினார்.

"வெட்டக் கூடாதாம் ஐயா" என்றான் டொமினிக். தர்சினி அழுதுகொண்டே சிரித்தாள்.

தெரியும் மாமா

வீடியோ கிடைத்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளை முந்தின நாளிலிருந்து போன் எடுக்கவில்லை. ஐயாவின் அழைப்பை மட்டுமல்ல, தர்சினியின் அழைப்பையும். அவர் வழக்கறிஞரோடு கதைக்காவிட்டால் இந்த வீடியோ இருந்தும் பயனில்லை. தர்சினி என் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, உங்கட நம்பரில இருந்து ஒருக்கா எடுத்துப் பாருங்கோவன். கடையெண்டால் எடுப்பார்."

நான் றெஜி அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பொய் டிஸ்க் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. அவர் எப்படிக் கதைப்பார்?

எடுத்தேன். மணி அடித்தது. பிரதீபன் எடுத்தார்.

"நான் மன்னார் கொம்பியூட்டர் கடையில இருந்து கதைக்கிறன். உங்கட டிஸ்க் பொய்யில்லை. முழுக்க இருக்கு. எங்கட கொம்பியூட்டருக்குத்தான் அவ்வளவையும் எண்ணத் தெரியேல்லை. நாங்கள் தெரியாமச் சொன்னது. கலியாணமும் பத்திரமா இருக்கு."

அவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"தர்சினி அழுதவவோ?"

"ஓம்."

ஐயா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்தார். மன்னிப்புக் கேட்கிற சொல் அவர் பழக்கத்தில் இல்லை.

"தம்பி" என்றார். "மூண்டும் கிடக்கு."

"தெரியும் மாமா" என்றது அந்தக் குரல்.

பிறகு தர்சினி போனை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

வீடியோ வழக்கறிஞருக்குப் போய்ச் சேர்ந்தது. மேன்முறையீடு சரிவந்து தர்சினியும் பிரதீபனிடம் போய்விட்டாள். பின்னொரு நாள் ஐயா ஒரு சார்ஜர் வாங்கக் கடைக்கு வந்தார். மகள் எப்படி என்று றெஜி அண்ணன் கேட்டார். நல்லாயிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்துக் கதைப்பாள் என்றார்.

"மாப்பிள்ளை?"

"அவர் பக்கத்தில இருந்து சிரிக்கிற சத்தம் கேக்கும். என்னோட கதைக்கிறேல்லை. அண்டைக்கு 'தெரியும் மாமா' எண்டு சொன்னதோட சரி."

சார்ஜரை எடுத்துக்கொண்டு போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெரிய டிஸ்க் வந்தால் பெட்டியை உடைக்காதீர்கள், வாயை மாற்றுங்கள். பழைய கணினி குறைவாகக் காட்டினால், அது கேட்கிற எந்தக் கேள்விக்கும் ஓம் என்று அமத்தாமல் வயரைக் கழற்றுங்கள். காரணம் தெரியும்வரை சாமான் பொய் என்று வாடிக்கையாளர் முன் சொல்லாதீர்கள். தெரியவில்லை என்று சொல்லுங்கள். எங்கள் கடையில் இப்போது அதைத்தான் முதலில் சொல்கிறோம்.